ஐ.சி.யு.வில் இருக்கும் சிசுவுக்கு டெலிரியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்காகவும், உள்ளே ஷிஃப்ட் பார்க்கும் செவிலியர், இளம் மருத்துவர்களுக்காகவும் எழுதப்பட்டது இது. பிறந்த நாள் தொடங்கி ஏறத்தாழ ஒரு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டில் இருக்கும் குழந்தை திடீரென்று துவண்டுபோயிருந்தால் முழுதும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஏன் என்பது மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

டெலிரியம் என்பது நம் ஊரில் சொல்லும் ஜன்னிதானா?

ஓரளவுக்குத்தான். கடும் காய்ச்சலில் பெரியவர்கள் பிதற்றினால் ஜன்னி கண்டுவிட்டது என்போம். அது டெலிரியம்தான். ஆனால் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். வலிப்பு வேறு, டெலிரியம் வேறு, இரண்டுக்கும் சிகிச்சையும் வேறு. அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் இங்கே டெலிரியம் என்றே எழுதுகிறோம்.

இது தனி நோயன்று. உடம்பில் வேறெங்கோ நடக்கும் கோளாறாலோ, கொடுக்கும் மருந்தாலோ மூளை தற்காலிகமாகத் தடுமாறும் நிலை. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும். விழிப்பும் கவனமும் குலையும். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். காலையில் அம்மாவின் முகத்தைப் பார்த்த குழந்தை மாலையில் யாரையும் பார்க்காது. நள்ளிரவில் மறுபடி பார்க்கும். காலை ரவுண்ட்ஸில் மட்டும் குழந்தையைப் பார்க்கிறவருக்கு இது தப்பிப்போவதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் காரணம்.

பேசவே தெரியாத குழந்தைக்குக் குழப்பம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நடத்தையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிறந்த குழந்தைக்கும் கவனம் உண்டு. 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் ஒரு முகம் வந்தால் அதில் கண்ணை நிறுத்தும். அம்மாவின் குரலுக்கும் வாசனைக்கும் திரும்பும். பசித்தால் அழும், தூக்கி ஆட்டினால் அடங்கும். இவை இருந்து, பிறகு காணாமல்போனால் மூளை தடுமாறுகிறது என்று பொருள்.

பெரும்பாலும் முதலில் கவனிப்பவர் அம்மாதான். "இவன் இவனாகவே இல்லை, என்னைப் பார்க்கிறான், ஆனா என்னைப் பார்க்கல" என்று ஒரு தாய் சொன்னால் அதைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். தாய்க்குப் பதற்றம் என்று ஒதுக்கக் கூடாத வாக்கியம் அது.

வீட்டில் இருக்கும் குழந்தைக்கு வருமா?

வீட்டில் இருக்கும் குழந்தைக்கு டெலிரியமா என்று யோசிப்பதே தவறான தொடக்கம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை பால் குடிக்காமல் போனால், தட்டினால்தான் அசைகிறது என்றால், உடம்பு வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அல்லது 35.5க்குக் கீழே போனால், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளிழுத்தால், வலிப்பு வந்தால், அது ரத்தத்தில் கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று கொண்டுதான் சிகிச்சை தொடங்குவார்கள். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழையுங்கள்.

உரம் விழுந்திருக்கிறது, தோஷம் தட்டிவிட்டது என்று சொல்லிக் குழந்தையை வேறெங்காவது கொண்டுபோகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. புடைத்திருந்தால் மூளைக்காய்ச்சலோ மூளையில் அழுத்தமோ இருக்கலாம். இரண்டுக்கும் மருத்துவமனைதான்.

தூங்கட்டும் என்று கசகசா அரைத்துப் பாலில் கலந்து கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. கசகசா அபினிச் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிசுவின் மூச்சை மந்தமாக்கும். அப்படி எது கொடுத்திருந்தாலும், வசம்போ உரை மருந்தோ கடைச் சிரப்போ, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் குற்றம் சொல்லவேண்டிய நேரமில்லை அது. என்ன கொடுத்தோம், எப்போது, எவ்வளவு என்பதுதான் தேவை.

அப்படியானால் டெலிரியம் யாருக்கு வருகிறது?

ஏற்கெனவே ஐ.சி.யு.வில் இருக்கும் குழந்தைக்கு. குழந்தைகளுக்கான 25 ஐ.சி.யு.க்களில் ஒரே நேரத்தில் கணக்கெடுத்து 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பரிசோதித்த குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு டெலிரியம் இருந்தது. இதய அறுவை முடிந்த குழந்தைகளைத் தனியாகப் பார்த்த ஆய்வுகளில் ஏறத்தாழ பாதிப் பேர்.

இரண்டு வயதுக்கு உட்பட்டிருப்பதே ஓர் அபாயக் காரணி. அதற்கு மேல் வென்டிலேட்டர், மிடசோலம் போன்ற தூக்க மருந்துகள், கை கால்களைக் கட்டிவைத்தல், இதய அறுவையில் பைபாஸ் இயந்திரத்தில் நீண்ட நேரம் இருத்தல், நீல நிற இதய நோய், பிறப்பிலிருந்தே வளர்ச்சித் தாமதம், பல நாள் ஐ.சி.யு. வாசம். ஒரே குழந்தைக்கு இவற்றில் நான்கைந்து சேர்ந்திருப்பது சாதாரணம்.

குழந்தை தொந்தரவே இல்லாமல் அமைதியாக இருக்கிறது. பிறகென்ன கவலை?

கவலைப்பட வேண்டியதே அந்தக் குழந்தையைப் பற்றித்தான். டெலிரியம் மூன்று விதம். துள்ளித் திமிறி, ட்யூபைப் பிடித்திழுத்து, எதற்கும் அடங்காமல் அழுவது ஒன்று. விழித்திருந்தும் அசைவில்லாமல், எங்கோ வெறித்தபடி, தொட்டாலும் மெதுவாகவே திரும்புவது இரண்டாவது. இரண்டும் மாறி மாறி வருவது மூன்றாவது. குழந்தைகளிடம் அமைதி வகையும் கலப்பு வகையும்தான் அதிகம். துள்ளும் குழந்தையை எல்லோரும் பார்க்கிறார்கள். அமைதியாகக் கிடக்கும் குழந்தையை "நல்ல பிள்ளை, சிரமமே தரல" என்று அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைத்துவிடுகிறோம்.

நன்றாகத் தூங்கும் குழந்தைக்கும் இப்படிக் கிடக்கும் குழந்தைக்கும் வேறுபாடு கண்களில் தெரியும். தூங்கி எழுந்த குழந்தை கண்ணைத் திறந்ததும் எதையாவது தேடும். டெலிரியத்தில் கண் திறந்திருக்கும், தேடல் இருக்காது.

மதிப்பெண் போடுவது எப்படி?

சிசுக்களுக்குப் பெரிதும் பயன்படுவது கார்னெல் அளவுகோல், சுருக்கமாக சி.ஏ.பி.டி. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சானி ட்ராபே, கேப்ரியேல் சில்வர் ஆகியோரின் குழு உருவாக்கியது. 2014இல் அதன் சரிபார்ப்பு ஆய்வு வெளியானது. தனிச் சோதனை எதுவும் தேவையில்லை. ஒரு ஷிஃப்ட் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட செவிலியர், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எட்டுக் கேள்விகளுக்கு விடை எழுதுகிறார். இரண்டு நிமிடம் போதும். தொடங்கும்போதே போட்டால் பலனில்லை, ஏனென்றால் ஏற்ற இறக்கம் முழுவதையும் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் மயக்கத்தின் ஆழம் பார்க்க வேண்டும். ராஸ் அளவில் −4 அல்லது −5, அதாவது கூப்பிட்டால் எந்தப் பதிலுமில்லாத நிலை என்றால் மதிப்பெண் போடாதீர்கள். "மதிப்பிட முடியவில்லை" என்று எழுதிவிட்டுப் பிறகு பாருங்கள். வெக்குரோனியம் போன்ற தசை தளர்த்தும் மருந்து ஓடும்போதும் அப்படியே.

முதல் நான்கு கேள்விகள் இருக்கவேண்டியவை: பார்த்துக்கொள்பவரின் கண்ணைப் பார்க்கிறதா, செயல்களில் நோக்கம் தெரிகிறதா, சுற்றுப்புறத்தை உணர்கிறதா, தேவையைத் தெரிவிக்கிறதா. இவற்றுக்கு "எப்போதும்" என்றால் 0, "அடிக்கடி" 1, "சில நேரம்" 2, "அரிதாக" 3, "ஒருபோதும் இல்லை" 4.

அடுத்த நான்கும் இருக்கக் கூடாதவை: அமைதியின்மை, எதற்கும் அடங்காமை, விழித்திருக்கும்போது மிகக் குறைந்த அசைவு, நாம் தொட்டாலோ பேசினாலோ பதில் வர நெடுநேரம் ஆகுதல். இங்கே கணக்குத் தலைகீழ்: "ஒருபோதும் இல்லை" 0, "எப்போதும்" 4. புதிதாகப் போடுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எட்டுக்கும் ஒரே திசையில் எண் போட்டுவிடுகிறார்கள்.

மொத்தம் 32. ஒன்பதும் அதற்கு மேலும் டெலிரியத்தைக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. இதயத்தில் ஓட்டை அடைத்து நான்காம் நாள், பத்து வாரக் குழந்தை. கண் பார்ப்பது சில நேரம் (2), நோக்கமுள்ள அசைவு அரிது (3), சுற்றுப்புற உணர்வு அரிது (3), தேவையைத் தெரிவிப்பது சில நேரம் (2). அமைதியின்மை அரிது (1), அடங்காமை அரிது (1), அசைவுக் குறைவு அடிக்கடி (3), தாமதமான பதில் அடிக்கடி (3). கூட்டினால் 18. இந்தக் குழந்தை பெரிதாக அழவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பத்து வாரக் குழந்தையிடம் "நோக்கமுள்ள அசைவு" என்றால் என்ன?

இந்தச் சிக்கலுக்காகவே வயதுவாரி அடையாளக் குறிப்பு ஒன்று அளவுகோலோடு இருக்கிறது. அது இல்லாமல் சிசுவுக்கு மதிப்பெண் போடக் கூடாது. அச்சிட்டுப் படுக்கையருகே தொங்கவிடுங்கள்.

பிறந்த குழந்தை முகத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். அசைவுகள் பெரும்பாலும் பிறவி அனிச்சைகள்தான், தலையைப் பக்கவாட்டில் திருப்புவதே போதும். விழித்திருந்து அமைதியாக இருக்கும் சிறுபொழுதுகள் வேண்டும். பசித்தால் அழ வேண்டும். நான்கு வாரத்தில் பார்வை சற்று நிற்கும், நகரும் பொருளைக் கொஞ்ச தூரம் தொடரும், அம்மாவின் குரலுக்குத் திரும்பும். எட்டு வாரத்தில் நடுக்கோட்டைத் தாண்டிப் பார்வை தொடரும், கையில் கொடுத்ததைப் பிடித்துக்கொள்ளும், தலையாட்டிப் பேசினால் முகம் மலரும். ஆறரை மாதத்தில், அதாவது 28 வாரத்தில், பொருளை எட்டிப் பிடிக்கும், அம்மாவை மற்றவர்களைவிட அதிகம் நாடும், வேற்று முகம் தெரியும். ஒரு வயதில் பிரிந்தால் அழும், பழகிய துணியோ பொம்மையோ கிடைத்தால் ஆறுதல் கொள்ளும், எளிய சொல்லுக்குக் கீழ்ப்படியும்.

பிறந்த குழந்தை நாளின் பெரும்பகுதி தூங்கத்தான் செய்யும். அசைவுக் குறைவு என்ற கேள்விக்குத் தூக்க நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூண்டினால் சப்புதல், கையைப் பற்றுதல், திடுக்கிடுதல் ஆகிய அனிச்சைகள் சுறுசுறுப்பாக வருகின்றனவா என்று பாருங்கள்.

குறைமாதக் குழந்தைக்கும், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைக்கும்?

குறைமாதத்தில் பிறந்ததற்குத் திருத்திய வயதைப் பயன்படுத்துங்கள். 30 வாரத்தில் பிறந்து இப்போது 14 வாரம் ஆன குழந்தையிடம், நிறைமாதத்தில் பிறந்த நான்கு வாரக் குழந்தை செய்வதை எதிர்பாருங்கள். நிறைமாதக் கணக்கையே எட்டாத குழந்தைக்கு எண்ணை நம்பாமல் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றத்தைப் பாருங்கள்.

வளர்ச்சித் தாமதம் இருந்தால் நன்றாக இருக்கும் நாளிலேயே எண் ஒன்பதைத் தாண்டக்கூடும். ஆகவே சேர்க்கும்போதே அம்மாவிடம் கேளுங்கள்: "வீட்டில் இவள் எப்படிப் பார்ப்பாள், எதற்குச் சிரிப்பாள், என்ன செய்தால் அழுகை நிற்கும்?" அதை அடிப்படையாக எழுதிவைத்து, அதிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

வேறு அளவுகோல்கள் உண்டா?

உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, கண்ணாடியையும் படங்களையும் காட்டிக் கவனத்தைச் சோதிக்கும் பி.எஸ்.கேம்-ஐ.சி.யு. இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் சோஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் உருவான எஸ்.ஓ.எஸ்.-பி.டி. மூன்று மாதத்திலிருந்து பயன்படும். மூன்று மாதத்துக்குக் கீழே கார்னெல்தான்.

எண் ஒன்பதைத் தாண்டிவிட்டது. முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்வது?

டெலிரியம் என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. எதனால் என்று தேட வேண்டும். அதையும் வரிசையாகத் தேட வேண்டும்.

ஆக்சிஜன் அளவு, ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு, நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை. ட்யூப் மடங்கியிருக்கிறதா, சளியால் அடைத்திருக்கிறதா. மூச்சு முட்டித் திமிறும் குழந்தைக்குத் தூக்க ஊசி போடுவது நடக்கக் கூடாத பிழை; ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதுதான் நடக்கும்.

அடுத்து குதிகாலில் குத்திச் சர்க்கரை. பிறந்த குழந்தைக்கு 45 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்து அறிகுறியும் இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. சிரை வழியே, உடனே தொடர் டிரிப். ஒரு தடவை ஊசி போட்டுவிட்டு டிரிப் தொடங்காமல் விட்டால் சர்க்கரை மறுபடி சரிந்துவிடும்.

பிறகு குழந்தையின் ஆடையை முழுதாகக் கழற்றித் தலை முதல் கால் வரை பாருங்கள். விரலில் முடி சுற்றி இறுக்கியிருக்கலாம். டிரிப் போட்ட இடம் வீங்கியிருக்கலாம். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கலாம். குடலிறக்கம் சிக்கியிருக்கலாம். அறுவையின்போது கண்ணின் கருவிழியில் கீறல் விழுந்திருக்கலாம். ஃப்ளூரசின் சொட்டுவிட்டு நீல ஒளியில் பார்த்தால் தெரியும். உச்சிக்குழியையும் கண்மணிகளையும் தொட்டும் பார்த்தும் எழுதுங்கள்.

ரத்தச் சோதனைகளில் சோடியம், கால்சியம், மெக்னீசியம், சிறுநீரக, ஈரல் அளவுகள், ரத்த அணுக்கள், கிருமி வளர்ப்பு. சோடியம் மாறியிருந்தால் வலிப்பு இல்லாதவரை மெதுவாகத் திருத்துங்கள். 24 மணி நேரத்தில் 10 மில்லிமோலுக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

டெலிரியம் போலத் தெரிந்து வேறாக இருப்பவை எவை?

சிசுவின் வலிப்பு பெரியவர்களின் வலிப்பைப் போல இராது. சைக்கிள் மிதிப்பதுபோல் கால், வாய் சப்புதல், ஒரே பக்கம் கண் இழுத்தல், மூச்சு நிற்றல் என்று சிறு சிறு அசைவுகளாக வரும். நடுங்கும் கையை மென்மையாகப் பிடித்துப் பாருங்கள். நின்றால் வெறும் நடுக்கம், உங்கள் பிடிக்குள்ளேயும் துடித்தால் வலிப்பு. உடம்பு அசையாமலே மூளைக்குள் வலிப்பு ஓடும் நிலையும் உண்டு. அறுவைக்குப் பின் எண் இறங்காத குழந்தைக்கு மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்காமல் அதை விலக்க முடியாது.

பிறந்த முதல் வாரத்தில் மஞ்சள் காமாலையோடு துவண்ட குழந்தை பிறகு உச்சக் குரலில் அழுது முதுகை வில்லாக வளைத்தால் பிலிருபின் மூளையைத் தாக்குகிறது. இது டெலிரியம் பற்றிப் பேசும் நேரமே அன்று, ரத்த மாற்று பற்றிப் பேசும் நேரம். இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை காரணமில்லாமல் மந்தமானால் ரத்தத்தில் அமோனியா அளவைப் பாருங்கள். மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்பாவிட்டால் அளவு பொய்யாகக் கூடிக்காட்டும்.

வலியும் அப்படித்தான். சந்தேகமிருந்தால் வலிக்கு முறையான மருந்து கொடுத்துவிட்டு அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். வலியாக இருந்தால் முகம் தளரும், குழந்தை உங்களைப் பார்க்கும்.

மருந்தைக் குறைத்ததும் நடுங்குகிறது, அழுகிறது. டெலிரியமா, மருந்து விட்ட ஏக்கமா?

இந்தப் பக்கத்தில் மிகக் கடினமான கேள்வி இது. பழகிய மருந்தைக் குறைத்ததால் உடம்பு படும் அவஸ்தையைத்தான் ஏக்கம் என்கிறோம். சிகிச்சைகள் எதிரெதிர் திசையில் இருப்பதால் கவனம் வேண்டும். மருந்து விட்ட ஏக்கம் என்றால் குறைத்ததை ஒரு படி ஏற்ற வேண்டும். டெலிரியம் என்றால் அதே மிடசோலத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

ஃபென்டனில், மார்ஃபின் போன்ற வலி மருந்தோ மிடசோலமோ ஐந்து நாளுக்கு மேல் ஓடியிருந்து இப்போது குறைத்தாலோ நிறுத்தினாலோ முதலில் ஏக்கத்தை நினையுங்கள். தும்மல், கொட்டாவி, வியர்வை, பேதி, வாந்தி, இலேசான காய்ச்சல், தொட்டாலே திடுக்கிடல் இருந்தால் ஏக்கத்தின் பக்கம். டபிள்யு.ஏ.டி.-1 என்ற அளவுகோல் 12க்குப் போடப்படுகிறது. 3 வந்தாலே ஏக்கம். டெலிரியத்தில் இந்த உடம்பு அறிகுறிகள் இராது. கண் தொடர்பும் கவனமும் போயிருக்கும்.

இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது வலி மருந்தை மெதுவாகவும், மிடசோலத்தை டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறு வகைத் தூக்க மருந்துக்கு மாற்றியும் இறங்குவது பலரும் செய்யும் வழி. ஐந்து நாளைத் தாண்டிய மருந்தை ஒரு நாளைக்கு 10 முதல் 20 சதவீதம் என்ற அளவில் குறைக்கலாம். ஒரே நாளில் இரண்டு மருந்துகளைக் குறைக்காதீர்கள். எதனால் மாற்றம் என்று தெரியாமல் போகும்.

எந்த மருந்துகள் டெலிரியத்தைத் தூண்டும்?

முதல் இடம் மிடசோலம், லோராசிபாம் வகைக்கு. குழந்தை திமிறுகிறது, மிடசோலம் போடுகிறோம், டெலிரியம் கூடுகிறது, இன்னும் திமிறுகிறது, இன்னும் போடுகிறோம். இந்தச் சுழலை வெட்டுவதே பாதி சிகிச்சை. குறைமாதக் குழந்தைக்கு மிடசோலம் டிரிப்பை வழக்கமாகப் போடுவதை ஆதாரங்கள் ஆதரிக்கவில்லை, நரம்புக் கேடு பற்றிய கவலையும் இருக்கிறது. 2022இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் வெளியிட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலும் இவ்வகை மருந்தைக் குறைக்கச் சொல்கிறது.

அடுத்து அட்ரோபின், டைஃபென்ஹைட்ரமின், ப்ரோமெத்தசின் போன்றவை. ப்ரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு நின்றுவிடும் அபாயம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு கழுத்தையும் கண்ணையும் இழுக்கவைக்கும். அதை வலிப்பு என்று நினைத்து வேறு மருந்து சேர்ப்பார்கள். ஸ்டீராய்டுகள் தூக்கத்தைக் கெடுக்கும். குறைமாதக் குழந்தையின் மூச்சைத் தூண்டக் கொடுக்கும் கஃபீன் அளவு கூடினால் நடுக்கமும் வேக நாடியும் வரும்.

ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் மருந்துப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் "இது இன்றைக்கும் தேவையா" என்று கேட்டு அடித்துக்கொண்டே போங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

நிறைய. இதில் மருந்தால் செய்ய முடியாத பகுதி உங்களுடையது.

ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறாத ஒரே முகம் உங்கள் முகம். முகத்தைக் குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவாருங்கள். முகக்கவசம் கட்டாயமென்றால் கண்ணாலும் குரலாலும் பேசுங்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள், வீட்டில் பாடிய தாலாட்டையே பாடுங்கள். கைபேசியில் பாட்டைப் போட்டு நாள் முழுதும் காதருகே வைக்க வேண்டாம், அதுவும் இரைச்சல்தான்.

தொடும்போது தடவாதீர்கள், அணைத்துப் பிடியுங்கள். ஒரு கை தலையில், ஒரு கை மடித்த கால்களில், அசைக்காமல் சில நிமிடம். நோயுற்ற சிசுவுக்கு மேலோட்டமான தடவல் எரிச்சலூட்டும்.

மார்போடு மார்பாகக் கங்காரு அணைப்பு வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கும் சாத்தியம், மருத்துவர் அனுமதித்தால். தாய் சாய்ந்த நாற்காலியில் அமர, ஒருவர் குழந்தையையும் ஒருவர் ட்யூபையும் பிடித்து மாற்ற வேண்டும். வென்டிலேட்டர் குழாயைத் தாயின் தோள் ஆடையில் ஒட்டிவிட வேண்டும். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மாற்றும் சிரமத்துக்கே அவ்வளவு நேரம் வேண்டும். அப்பாவும் செய்யலாம். நெஞ்செலும்பைத் திறந்து அறுவை செய்திருந்தால் அறுவை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அந்தக் குழந்தையைத் தூக்கும்போது அக்குளில் கை கொடுக்காமல் தலையின் கீழும் பிட்டத்தின் கீழும் கை கொடுத்து ஏந்துங்கள், ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு.

நீல விளக்குச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் விளக்கை அணைத்துக் கண் கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். பல மணி நேரம் எதையும் பார்க்காமல் கிடந்த கண்ணுக்கு அந்தப் பதினைந்து நிமிட முகம் பெரிது.

இரவும் பகலும் தெரியாத ஐ.சி.யு.வில் தூக்கத்தை எப்படிக் காப்பது?

பகலில் திரையைத் திறங்கள், இரவில் விளக்கைத் தணித்து இன்குபேட்டர் மேல் துணி போடுங்கள். சிசுப் பிரிவில் ஒலி சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. இன்குபேட்டர் கதவை விரலால் பிடித்து மூடுவது, அதன் கூரைமேல் ஸ்டீல் தட்டை வைக்காமல் இருப்பது, அலாரம் அடித்ததும் அணைப்பது, கைபேசியை அதிர்வில் வைப்பது எல்லாம் செலவில்லாதவை.

அதிகாலை நான்கு மணிக்கு எடை பார்த்து, உடம்பு துடைத்து, ரத்தமும் எடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ரவுண்ட்ஸுக்குத் தாள் தயாராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்குக் காரணமில்லை. எடையும் துடைப்பும் மாலைக்குப் போகட்டும். இரவில் தொடவேண்டிய வேலைகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்து, இடையில் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

ட்யூபை இழுக்கிறது. கையைக் கட்டலாமா?

கட்டுவது டெலிரியத்தோடு சேர்ந்தே காணப்படுகிறது, குழந்தையின் திமிறலையும் கூட்டுகிறது. கையுறை போடுங்கள், துணியால் மென்மையாகச் சுற்றி வாயருகே கையைக் கொண்டுவந்து வையுங்கள், ட்யூப் ஒட்டுப்பட்டையைப் புதிதாக்குங்கள், அம்மாவை அருகே உட்காரவையுங்கள். அப்படியும் வேறு வழியில்லாமல் கட்டினால் இரண்டு மணிக்கொரு முறை அவிழ்த்துத் தோலையும் விரல் நிறத்தையும் பார்த்து எழுதுங்கள். ட்யூப் இன்றைக்கும் தேவையா என்ற கேள்வியைக் காலையில் முதலில் கேளுங்கள்.

மனநோய் மருந்து கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். சிசுவுக்கா?

பயம் இயல்பு. குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் போன்றவை பெரும்பாலான சிசுக்களுக்குத் தேவைப்படாது. 2022 வழிகாட்டுதலும் டெலிரியத்தைத் தடுக்கவோ நாட்களைக் குறைக்கவோ இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. காரணங்களைத் திருத்தியும், மிடசோலத்தைக் குறைத்தும், தூக்கத்தைக் காத்தும் அடங்காமல், குழந்தைக்கே ஆபத்தாகும் அளவு தீவிரமாக இருந்தால் மட்டும் கொடுக்கிறார்கள். பிறந்த குழந்தைப் பிரிவில் டெலிரியத்தைக் கண்டு சிகிச்சை செய்த மூன்று சிசுக்களின் விவரம் 2016இல்தான் வெளியானது. இத்துறை அவ்வளவு இளையது.

கொடுப்பதானால் பெற்றோர் கேட்கவேண்டியவை: இ.சி.ஜி. முதலில் எடுத்தீர்களா, தொடங்கிய பின் மறுபடி எப்போது எடுப்பீர்கள், பொட்டாசியமும் மெக்னீசியமும் சரியாக இருக்கின்றனவா, எந்த நாளில் நிறுத்துவீர்கள். இம்மருந்துகள் இ.சி.ஜி.யில் தெரியும் கியூ.டி. இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் எடுக்கும் நேரத்தை, நீட்டும், 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். ஹாலோபெரிடால் சிசுக்களின் கழுத்தையும் கண்ணையும் இழுக்கவைக்கும், கூடியவரை தவிர்ப்பது நல்லது. மருந்தளவை இங்கே எழுதவில்லை. எடை, ஈரல், இ.சி.ஜி. மூன்றையும் பார்த்து அந்தக் குழந்தைக்கென்று மருத்துவர் போடவேண்டிய கணக்கு அது.

எத்தனை நாளில் தெளியும்?

காரணம் திருந்தினால் பெரும்பாலும் சில நாட்களில். ஒரே நாளில் சட்டென்று தெளிவதில்லை. நல்ல மணி நேரங்கள் கூடிக்கொண்டே போகும். எண்ணை வரைபடமாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். குறைந்துகொண்டிருந்த எண் மறுபடி ஏறினால் புதிதாக ஒரு தொற்றோ புதிய மருந்தோ வந்திருக்கிறது என்று தேடுங்கள். காய்ச்சல் வருமுன்பே இந்த எண் ஏறுவதுண்டு.

டெலிரியம் வந்த குழந்தைகள் வென்டிலேட்டரிலும் மருத்துவமனையிலும் கூடுதல் நாள் இருக்கிறார்கள், இறப்பும் அவர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால்தான் தானாகச் சரியாகட்டும் என்று விடுவதில்லை.

வீட்டுக்குப் போன பின்?

தூக்கமும் பால் குடிப்பதும் ஒழுங்குக்கு வர ஓரிரு வாரம் ஆகலாம். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, ஒரே ஆள் அதிக நேரம் வைத்துக்கொள்வது என்று தொடருங்கள். ஊரிலிருந்து பார்க்க வருபவர்கள் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். டிஸ்சார்ஜ் தாளில் டெலிரியம் வந்தது என்றும், எந்தத் தூக்க மருந்து எத்தனை நாள் ஓடியது என்றும், இன்னும் குறைத்துக்கொண்டிருக்கும் மருந்தின் கால அட்டவணையையும் எழுதி வாங்குங்கள். அடுத்த அறுவைக்கு மயக்க மருந்து நிபுணரிடம் முதலில் காட்டவேண்டிய தாள் அது. குறைமாதக் குழந்தையோ இதயக் குழந்தையோ என்றால் வளர்ச்சிச் சோதனைக்கான தேதியையும் அன்றே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.